டிராக் பாடியவள் - அத்தியாயம் 14: ஐந்தாவது பொத்தான்

வாரம் தவறாமல் படித்து வருகிறவர்கள் நாலு பத்தியைத் தாண்டிப் போகலாம். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

அக்காவும் தங்கையும் இரண்டு பேருமே பாடகிகள். மூத்தவள் கிறிஸ்தவப் பாடல்களில் பேர் வாங்கி இருபத்தைந்து வருடமாக மேடையில் இருக்கிறாள். சின்னவள் டிராக் பாடுகிறாள். பெரிய பாடகிக்கு நேரம் கிடைக்காது. அதனால் பதிவுக்கூடத்தில் முதலில் வேறொருத்தி முழுப் பாட்டையும் பாடி வைப்பாள், அதுதான் டிராக். பெரிய பாடகி வந்து அதைக் காதில் மாட்டிக் கேட்டுத் தன் குரலில் பாடி முடித்ததும், முதலில் பாடியவளின் குரலை அழித்துவிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் மட்டும் அழிக்கவில்லை. மூன்றாம் சரணத்தில் 'வெறுங்கையாய் வந்து நிற்கிறேன்' என்ற இடத்தில் சின்னவளின் குரல் உடைந்து, ஒரு விம்மல் வந்து, அடுத்த சொல் அரைத் தாளம் தாமதமாக விழுந்தது. அக்கா ஐந்து முறை பாடிப் பார்த்தாள். அந்த விம்மல் வரவில்லை. பதிவுக்கூடம் வைத்திருக்கிற அத்தான், அக்காவின் புருஷன், "இதுவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அட்டையில் அக்காவின் படம், அக்காவின் பேர். சின்னவள் பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலை பார்க்கிறவள். வெளியே நின்ற பஸ்ஸின் ரேடியோவிலிருந்து தன் குரல் வருவதை அங்கேதான் முதலில் கேட்டாள். அன்றைக்கு நடைமேடை எண் வாயில் தப்பாக வந்து, ஒரு பஸ் ஜனம் முழுக்க வேறு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது.

இப்போது அந்த 'வெறுங்கைப் பாட்டு' பாடாத சபை இல்லை. அந்த விம்மலையும் சேர்த்தே பாடுகிறார்கள். பாடகர் குழுக்கள் அதை ஒத்திகை வைத்துப் பழகுகின்றன. சின்னவள் சொல்லிக்கொடுக்கிற குழுவிலேயே ஒரு பெண், "இந்த இடத்துல உங்க அக்கா எப்படி மூச்சு எடுத்தாங்க, கேட்டுச் சொல்லுங்களேன்" என்று கேட்டாள். சின்னவள் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள், போன வாரம்தான் திறந்தாள். வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இருபத்தைந்தாவது வருட விழாவில், அது தங்கையின் குரல் என்று மேடையில் வைத்தே சொல்லி, அவளைத் தனியாகப் பாட அழைப்பதாக.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

*

காலை ஒன்பது மணிக்குத் தையற்காரர் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, "வந்து போட்டுப் பாரு" என்றார்.

சின்னவளின் கணவர் அவர். வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டு மேசை, இரண்டு தையல் மெஷின், சுவர் முழுக்க நூல்கண்டுகள். ஒரு மூலையில் ரேடியோ ஒன்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. அதைத் திருப்பி வைத்து மூன்று வருடம் ஆகிறது. அவர்களுடைய கைக்குழந்தை இறந்துபோன பிறகு அவர் பாட்டுக் கேட்பதில்லை. சபைக்கும் வருவதில்லை. தெருவில் யாராவது பாடிக்கொண்டு போனால்கூட உள்ளே எழுந்து போய்விடுவார். இன்றைக்கு வருகிறேன் என்று சொன்னது சின்னவளுக்காகத்தான்.

நீல நிறத்தில் நீள அங்கி. நாலு நாளாகக் கடை வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தைத்தது. சின்னவள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். உடம்பில் அளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

"திரும்பு" என்றார். கழுத்துக்குப் பின்னால் பொத்தான் மாட்டிவிட்டார். விரல் அங்கேயே கொஞ்சம் நின்றது.

"முன்பக்கப் பொத்தானெல்லாம் புதுசு. இது மட்டும் பழசு. முடி மறைச்சுக்கும், யாருக்கும் தெரியாது."

சின்னவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். சின்னதாக, வழுவழுவென்று, ஒரு ஓரத்தில் லேசாகச் சிராய்ந்த பொத்தான். கண் நிறைய, கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கென்று அவர் ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தார். ஐந்து பொத்தான். நான்கை வைத்துவிட்டு ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அந்த நான்கு பொத்தான் சட்டையோடுதான் பிள்ளையைப் புதைத்தார்கள். ஐந்தாவது, துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் டப்பாவுக்குள் மூன்று வருடமாகக் கிடந்தது. அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"அழாத. பாடப் போறவ குரல் கட்டிக்கப் போகுது" என்றார். பிறகு நூலைச் சுற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "அந்தப் பாட்ட நீ எப்ப பாடுன? எனக்கு ஞாபகமே இல்லையே."

"ஏதோ ஒரு நாள். டிராக்தானே, தினம் ஒண்ணு பாடுறது. நாளெல்லாம் யாருக்கு ஞாபகம்."

அவளுக்கு நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. பிள்ளையைப் புதைத்த நாலாம் நாள். இறப்புச் சான்றிதழ் வாங்கி வருகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டு, பதிவுக்கூடத்துக்குப் போனாள். அக்கா கூப்பிட்டிருந்தாள். ஆனால் கூப்பிட்டதால் மட்டும் போகவில்லை. இந்த வீட்டில் அவர் ஒரு மூலையில், இவள் ஒரு மூலையில், நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் இருந்தது. கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாடியபோதுதான் முதல்முறையாக அழுகை வந்தது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்தே மூன்று வருடம் ஓடிவிட்டது.

அதனால்தான் அக்காவிடம் அப்படிக் கேட்டிருந்தாள். "சாட்சி, பாட்டு பிறந்த கதை, அதெல்லாம் வேணாம்க்கா. இது என் தங்கச்சி பாடினதுன்னு ஒரு வரி. அது போதும்." ஒரு வரியோடு நின்றுவிட்டால் நாள் கணக்கு வெளியே வராது. அவர் பெருமைப்படுவார், அவ்வளவுதான். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மனுஷ மனசு இப்படித்தான் தனக்கு வசதியாக ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது.

*

பன்னிரண்டு மணிக்கு அரங்கத்தில் ஒத்திகை. அறுநூறு நாற்காலி. மேடைக்கு மேலே பேனரில் அக்காவின் முகம் ஒரு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே அக்கா வெந்நீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதமாகத் தொண்டை சரியில்லை. அது வீட்டுக்குள் இருக்கிற ரகசியம்.

"வாடி. எங்க உன் வீட்டுக்காரர்?"

"மூணு மணிக்கு வந்துடுவார்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அழகா இருக்குடி. அவர் கை வேலைன்னா கேக்கணுமா. ஆனா எல்லாரும் வெள்ளை அங்கியில நிக்கிறப்ப நீ மட்டும் நீலமா நின்னா கேமராவுல உறுத்துமே."

"நான் தனியாத்தானே பாடுறேன்."

"பாடுவ, பாடுவ. அதுவரைக்கும் மேல வெள்ளையைப் போட்டுக்கோ. கூப்பிடுறப்ப கழட்டிட்டு வா. என்ன இப்ப?"

அக்காவுக்கு இது கைவந்த கலை. யாரையும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். அப்புறம் என்று சொல்வாள். அந்த அப்புறத்தில் இருபத்தைந்து வருடமாகப் பலபேர் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் அத்தான் மடிக்கணினியையும் ஒயர்களையும் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் அவரிடம் போனாள்.

"அத்தான், எனக்கு எந்த மைக்?"

அவர் நிமிரவில்லை. "குழுவுக்கு நாலு மைக் இருக்குல்ல. அதுல மூணாவது."

"தனியா பாடுறதுக்கு?"

"உங்க அக்கா சொன்னா கொடுத்துடுவேன்."

"இன்னும் சொல்லலையா?"

அத்தான் ஒரு ஒயரை எடுத்து, ஏற்கெனவே சுற்றியிருந்ததை அவிழ்த்து, மறுபடி சுற்றினார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அக்கா எதிரில் வாய் திறக்காமலே ஒரு ஆயுசை ஓட்டிவிட்டவர்.

"மூணாம் சரணம் வரும்போது என்ன செய்யப்போறீங்க? அவளால பாட முடியாதே."

"எப்பவும் செய்யறதுதான்" என்றார் மெதுவாக. "அந்த நாலு வரி மட்டும் இதுலேருந்து, பழைய பதிவா ஓடும். அவ மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக்குவா."

மடிக்கணினித் திரையில் வரிசையாகக் கோப்புகள். ஒன்றின் பேர் 'சின்னவள் டிராக்' என்றே இருந்தது. அதைக்கூட மாற்றி வைக்க இவருக்குத் தோன்றவில்லையே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது.

அச்சடித்த நிகழ்ச்சி நிரல் ஒரு நாற்காலியில் கிடந்தது. எட்டாவது பாட்டு, வெறுங்கைப் பாட்டு. பக்கத்தில் அக்காவின் பேர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'சாட்சியுடன்' என்று போட்டிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனாள். "சாட்சி வேணாம்னு சொன்னேன்ல."

"என்னடி பேசுற. இருபத்தஞ்சு வருஷ விழாவுல சாட்சி சொல்லாம பாடினா ஜனங்க என்ன நினைப்பாங்க? எந்தப் பாட்டானாலும் அது பிறந்த கதையச் சொல்லிட்டுத்தானே பாடுறோம். ரெண்டு வார்த்தை சொல்லிட்டு, உன் பேரைச் சொல்லிட்டு, உன்னைக் கூப்பிடுறேன்."

"ரெண்டு வார்த்தைன்னா எந்த ரெண்டு வார்த்தை?"

"பயப்படாத. பொய் சொல்லமாட்டேன்" என்று அக்கா அவள் கன்னத்தைத் தட்டினாள்.

*

மூன்று மணிக்கு அரங்கம் நிரம்பிவிட்டது. தையற்காரர் நடுப் பாதையை ஒட்டி ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, முழங்கை வரை மடித்த கை. மேடையிலிருந்து பார்த்தபோது, தெரியாத வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் எட்டுப் பெண்களோடு வெள்ளை அங்கியில் நின்றாள். அதன் கழுத்தோரத்தில் நீலம் ஒரு விரல்கடை தெரிந்தது. அதைப் பார்த்து அவர் தலையை ஆட்டினார்.

ஏழு பாட்டு முடிந்தது. அக்கா முன்னால் வந்தாள். அரங்கம் அடங்கியது.

"இந்தப் பாட்டு எங்க வீட்டுல ஒரு சவப்பெட்டியிலேருந்து பிறந்தது" என்று ஆரம்பித்தாள்.

சின்னவள் வெள்ளை அங்கியின் கழுத்தோரத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எங்க குழந்தை. பதினோரு மாசம். இந்தக் கையிலதான் அவனைத் தூக்கிட்டுப் போனோம். அவனுக்குப் பிறந்தநாளைக்குன்னு ஒரு சட்டை தைச்சிருந்தது. அஞ்சு பொத்தான் வைக்க வேண்டிய சட்டை. நாலுதான் வைக்க முடிஞ்சுது. அஞ்சாவது பொத்தான் இல்லாத சட்டையோட என் செல்லத்தை மண்ணுக்குள்ள வச்சோம்."

முன்வரிசையில் ஒரு அம்மாள் வாய்விட்டு அழுதாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜக் கண்ணீர்தான். அக்கா அழுவதற்கு நடிக்க வேண்டியதில்லை. பிள்ளையை அவளும் தூக்கி வளர்த்தவள்.

"நாலாம் நாள். நாலாம் நாள் அந்தப் பதிவுக்கூடத்துல கண்ணாடி அறை முன்னால நின்னேன். ஆண்டவரே, வெறுங்கையோட நிக்கிறேனேன்னேன். அன்னைக்கு உடைஞ்ச குரலைத்தான் நீங்க மூணு வருஷமா கேட்டுட்டு இருக்கீங்க."

சொன்ன மாதிரியே, ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் கண்ணாடி அறை முன்னால் நின்றது உண்மை. உள்ளே நின்றது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சின்னவள் பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் அழுதுகொண்டே பொத்தான் கதையைச் சொன்னதும் அந்த அறையில்தான். அக்கா அன்றைக்கு அவள் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. சின்னவள் ஆறாவது வரிசையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். தையற்காரரின் கை மடியில் இல்லை. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது.

முதல் சரணம், இரண்டாம் சரணம். குழு பின்பாட்டுப் பாடியது. சின்னவள் வாயை மட்டும் அசைத்தாள். மூன்றாம் சரணத்தில் அத்தானின் விரல் மடிக்கணினியைத் தட்டியது. அக்கா மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். ஒலிபெருக்கியிலிருந்து மூன்று வருடத்துக்கு முந்தைய சின்னவள் வந்தாள்.

'வெறுங்கையாய் வந்து நிற்கிறேன்.' விம்மல். அரைத் தாளம்.

பெண்டாட்டியின் அழுகையைப் புருஷனுக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. அறுநூறு பேரும் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையற்காரர் மட்டும் வரிசையில் எட்டாவதாக நின்ற வெள்ளை அங்கியைப் பார்த்தார். பிறகு எழுந்தார். நடுப் பாதையில் திரும்பி நடந்தார். மனம் உருகிப் போகிறார் என்று நினைத்து, கதவருகில் நின்ற பெண் அவர் கையில் வேண்டுதல் எழுதித் தருகிற ஜெபச்சீட்டு ஒன்றைக் கொடுத்தாள்.

*

சின்னவள் மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கி ஓடினாள். வெள்ளை அங்கியை வழியிலேயே கழற்றிப் போட்டாள். வெளி நடையில், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பக்கத்தில் அவர் நின்றார். கையில் ஜெபச்சீட்டு அப்படியே இருந்தது.

"என்னங்க."

"சான்றிதழ் வாங்கப் போறேன்னு சொன்ன."

"ஆமா."

"சாயங்காலம் வந்து, ஆபீஸ் பூட்டியிருந்துச்சுன்னு சொன்ன. மறுநாள் நான் போய் வாங்கினேன். அவன் பேரை நானே என் வாயால சொல்லி, எழுத்துக்கூட்டி, வாங்கிட்டு வந்தேன்."

உள்ளே பாட்டு முடிந்து கைதட்டல் அலையாக எழுந்தது.

"வீட்டுல எனக்கு மூச்சு முட்டுச்சுங்க. நீங்க ஒரு வார்த்தை பேசல. நான் அழுதா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு பயந்தேன். அங்க போனப்புறந்தான் அழ முடிஞ்சுது."

"நானும் அதேதான் நினைச்சேன்" என்றார். குரல் உயரவே இல்லை. "நான் அழுதா நீ தாங்கமாட்டன்னுதான் அந்த மூலையிலேயே உக்காந்திருந்தேன். நீ சாயங்காலம் வருவ, ரெண்டு பேரும் சேந்து அழலாம்னு இருந்தேன். நீ முகம் கழுவிட்டு வந்து சாப்பாடு போட்ட."

"சொல்லணும்னுதான் தினமும் நினைச்சேன்."

"பொத்தானையும் அவங்ககிட்ட சொல்லியிருக்க."

அக்காவைத் திட்டலாம். திட்டுவதற்கு ஒரு மூட்டை இருக்கிறது. ஆனால் மூட்டையைக் கட்டி அக்கா தலையில் ஏற்றி வைத்தது யார் என்று கேட்டால், அவள் தன் முகத்தைத்தான் காட்ட வேண்டும்.

அப்போது உள்ளே ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் கேட்டது. கொஞ்சம் கரகரத்து, மிகவும் இனிமையாக.

"இன்னொரு சாட்சியும் சொல்லணும். இந்தப் பாட்டுல என் தங்கச்சியோட குரலும் இருக்கு. இன்னைக்குத்தான் முதல் தடவையா சொல்றேன். எங்கடி இருக்க? மேடைக்கு வா."

'குரலும்.' மூன்று வருடத்துக்கு ஈடாக அந்த ஒரு 'உம்'மை ஒட்டிக் கொடுத்துவிட்டாள். அரங்கம் கைதட்டியது.

"காணோமே. பின்னால எங்கேயாவது ஒளிஞ்சிட்டு நிப்பா. சின்ன வயசுலேருந்தே கூச்சக்காரி."

அறுநூறு பேரும் அன்பாகச் சிரித்தார்கள்.

"கூப்பிடுறாங்க" என்றார் தையற்காரர். "திரும்பு."

"என்னங்க..."

"திரும்பு."

காலையில் திரும்பின மாதிரியே திரும்பினாள். அவர் அவள் முடியை ஒதுக்கினார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற சின்னக் கத்தரி கழுத்துக்குப் பின்னால் சில்லென்று பட்டது. நூல் அறுகிற சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"இத நான் பாட்டுக்காரிக்குன்னு வைக்கல" என்றார். "என்கூட அந்த வீட்டுல உக்காந்திருந்தவளுக்குன்னு வச்சேன்."

பொத்தானைக் கைக்குள் மூடிக்கொண்டு, ஜெபச்சீட்டை நாற்காலி அடுக்கின் மேல் வைத்துவிட்டு, வெளி வாசலைப் பார்த்து நடந்தார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலது பக்கம் திரும்பினார்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. அத்தான், கையில் தனி மைக்கோடு, மூச்சு வாங்க நின்றார்.

"அக்கா சொல்லிட்டா. இந்தா. சீக்கிரம் வா, எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க."

சின்னவள் ஒரு கையால் விலகிய கழுத்துத் துணியைப் பின்னால் இறுக்கிப் பிடித்தபடி, மறு கையை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.